உடும்பு என்கிற மாசிலாமணி

மார்கழி 1, திங்கள்

இந்த டைரி உரக்கடையில் கொடுத்தது. எந்தப் பயிருக்கு எவ்வளவு யூரியா என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கு. எங்களுக்கு வயலும் இல்லை, வரப்பும் இல்லை. நான் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். இருந்தாலும் தாள் சும்மா கிடந்தால் எனக்கு மனசு கேட்காது.

அஞ்சாவது வரைக்கும் படித்தேன். இப்போது எதற்கு எழுத்து என்றால், வீட்டில் பேச ஆள் இல்லை. ஆள் இருக்கிறார், பேசத்தான் மாட்டேன் என்கிறார். யாரையாவது கிண்டல் செய்யாவிட்டால் எனக்குச் சோறு செரிக்காது. மாவு வாங்க வருகிறவர்களிடம் எவ்வளவுதான் வாயாடுவது? அவங்கவங்க வீட்டில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருக்கும்.

கார்த்திகைக் கடைசி முகூர்த்தத்தில் நாத்தனார் மகள் கல்யாணம். நலங்கு வைக்கும்போது மைக் என் கைக்கு வந்தது. நான் பிடுங்கவில்லை, தானாக வந்தது. "எங்க வீட்டுக்காரர் இத்தனை வருஷத்துல என்னைத் தொட்டதைவிட அந்த உடும்பைத் தொட்டதுதான் ஜாஸ்தி. அதுக்கு வெல்வெட் பை, எனக்குக் கோணிப்பை" என்றேன். மண்டபமே சிரித்தது. இவர் மட்டும் எழுந்து கை கழுவப் போய்விட்டார். அப்போது பந்தியே போடவில்லை, எதற்குக் கை கழுவினாரோ. அன்றையிலிருந்து என்னோடு பேச்சில்லை.

உடும்பு என்று நான் சொன்னது அவருடைய கஞ்சிராவை. டிபன் தட்டு அகலத்துக்கு ஒரு பலாக்கட்டை வளையம், ஒரு பக்கம் தோல், விளிம்பில் குட்டியாக ரெண்டு தகடு. அவ்வளவுதான் வாத்தியம். அந்தத் தோல் உடும்புத் தோலாக இருந்தால்தான் கஞ்சிரா என்று பெரிய வித்வான்கள் சொல்வார்கள். அதனால் இவருக்கே உடும்பு என்று பட்டம். புருஷன் பேரை நான் வாயால் சொல்ல மாட்டேன், எங்கள் பக்கம் அப்படித்தான். எழுதலாம், கைக்கு ஏது வாய். மாசிலாமணி. போஸ்டரில் ‘உடும்பு மாசிலாமணி’ என்று கொட்டை எழுத்தில் வரும்.

மார்கழி 2, செவ்வாய்

கல்யாணத்தில் நான் பேசியதை யாரோ செல்லில் பிடித்து ஊரெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள். அது வனத்துறை வரைக்கும் போயிருக்கு. காலையில் ஜீப் வந்து மாவுக்கடை வாசலில் நின்றது. ரேஞ்சர் ஒரு சின்னப் பொண்ணு, மெர்லின் என்று பேர், நாகர்கோவில் பக்கமாம். கூட காக்கிச் சட்டையில் ரெண்டு ஃபாரஸ்ட் கார்டுகள். செல்லை நீட்டி, "இது நீங்கதானே அக்கா?" என்றது. மயில்கழுத்துச் சேலையில் நன்றாகத்தான் இருந்தேன். அதைச் சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"உடும்பைக் கொல்றதும் குத்தம், அதோட தோலை விக்கிறதும் வாங்குறதும் குத்தம். வச்சிருக்கணும்னா அதுக்கு சர்ட்டிபிகேட் வேணும் சார். இருக்கா?" என்று கேட்டாள்.

இவரிடம் இல்லை. அதற்குள் தெருவே கூடிவிட்டது. எதிர் வீட்டுச் சாரநாதன் ஐயாவும் வந்துவிட்டார். அவர்தான் எங்கள் ஊர் சங்கீத சபாவின் செகரட்டரி.

ரேஞ்சர் பொண்ணு தன்மையாகத்தான் கேட்டாள். "சார், இது உடும்புத் தோல்தானா, வேற ஏதாவதா?"

இவர் செகரட்டரியை ஒரு பார்வை பார்த்தார், தெருவை ஒரு பார்வை பார்த்தார். நெஞ்சை நிமிர்த்தினார். "உடும்புதான். வேற எதுல வரும் இந்த நாதம்?"

சாரநாதன் ஐயா கையே தட்டிவிட்டார்.

அப்புறம்தான் என் கூத்து. மாவுத் தூக்கு வைக்கிற மேஜையில் கார்டுகளில் ஒருத்தர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். கஞ்சிராவைக் காட்டி, "இது யாரோடதும்மா?" என்றார். புருஷன் பேரை எப்படிச் சொல்வது? "அதான் ஊருக்கே தெரியுமே, உடும்போடது" என்றேன். எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போடச் சொன்னார். கைநாட்டு இல்லை, கையெழுத்தே போடுவேனாக்கும் என்று தையல்நாயகி என்று முழுசாகப் போட்டேன். அதற்கப்புறம் படித்துக் காட்டினார்: "இது உடும்பினுடையது என்று மனைவியும் ஒப்புக்கொண்டார்."

கஞ்சிராவை எடுத்துக்கொண்டு ஜீப் போன பிறகு இவர் திண்டாடிப் போய் நின்றார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கே இது புதுசு.

மார்கழி 3, புதன்

"இந்த வீட்டுல காபியில சர்க்கரை போடற வழக்கம் நின்னு போச்சா?" என்று கிரைண்டரைக் கேட்டார். கிரைண்டர் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மார்கழி 5, வெள்ளி

வக்கீலைப் பார்த்தோம். பஸ்ஸில் இவர் முன்னால் உட்கார்ந்தார், நான் பின்னால்.

சட்டத்தில் புலி இருக்கிற பட்டியலிலேயே உடும்பும் இருக்காம். ஜெயில் மூணு வருஷத்துக்குக் குறையாதாம். "புலிக்குச் சமானமா? பேரை மாத்தி வச்சிருக்கலாமே, புலி மாசி..." என்று ஆரம்பித்து, பேர் வாயில் வரப்பார்த்ததால் நிறுத்திக்கொண்டேன். வக்கீல் சிரிக்கவில்லை. "பழசா இருந்தாலும் அரசாங்கத்துல பதிஞ்சிருக்கணும்மா. அதுக்குக் குடுத்த காலமெல்லாம் முடிஞ்சு வருஷக்கணக்காச்சு" என்றார். மார்கழி 22-ஆம் தேதி ரேஞ்சர் ஆபீசில் இவர் வாக்குமூலம் கொடுக்கணும். இப்போது வாயால் சொன்னதை அங்கே எழுதிக் கையெழுத்துப் போட்டால் நேரே கோர்ட்டுதான்.

வீட்டுக்கு வந்து அரிசி ஊறப் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் இன்னொரு அண்டாவிலும் அரிசி ஊறுகிறது. நான்தான் போட்டிருக்கணும். நாளைக்கு வாடிக்கைக்காரர்களுக்குக் கொசுறாக ஊற்றித் தீர்க்கணும்.

மார்கழி 8, திங்கள்

சாரநாதன் ஐயா வந்தார். காபி கொடுத்தேன், சர்க்கரை போட்டு.

"மாசிலாமணி, நீங்க கவலையே படாதீங்க. வர்ற ஞாயித்துக்கிழமை விட்டு அடுத்த ஞாயிறு சபாவுல கண்டனக் கூட்டம். நீங்க மேடையில வெறுங்கையோட உக்காருவீங்க. முன்னால காலி வெல்வெட் பை. ஒரு கலைஞன் கையை வெட்டிட்டாங்கன்னு ஊருக்குத் தெரியணும்."

"ஆட்டுத்தோல் கஞ்சிரா ஒண்ணு வாங்கி வாசிக்கச் சொல்லலாமே ஐயா" என்றேன்.

அவருக்கு மூக்கு சுருங்கியது. "தையல், அது கொட்டு. இது நாதம். மாசிலாமணி ஜெயிலுக்குப் போனாலும் போவாரே தவிர ஆட்டைத் தொட மாட்டார். அப்படிப் போனா சபாவே அவர் பின்னால நிக்கும்."

"உள்ள போறவர் பின்னால நிக்கிறதுன்னா நீங்களும் உள்ளதானே வரணும்? பாய் தலகாணி எடுத்து வைக்கச் சொல்லவா?"

ஐயா காபியை வைத்துவிட்டு எழுந்தார். இவர் என்னை முறைத்தார். முறைப்பும் ஒரு பேச்சுதான். கணக்கில் வைத்துக்கொண்டேன்.

மார்கழி 9, செவ்வாய்

கிரைண்டர் பெல்ட் அறுந்தது. மழை.

மார்கழி 11, வியாழன்

ஜாக்கெட் துணியில் கோடு போட ஒரு பல்சக்கரம் வைத்திருந்தேன். துணிமேல் உருட்டினால் வரிசையாகப் புள்ளி விழும். சபா பொன்விழா நடந்த வருஷம் காணாமல் போனது. எத்தனை பேரைச் சந்தேகப்பட்டிருக்கிறேன், நாத்தனார் உட்பட. பழைய கச்சேரி நோட்டீஸ் ஏதாவது இருக்கா என்று வக்கீல் கேட்டிருந்தார். அதைத் தேடி இன்றைக்கு இவர் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அடியில் ஒரு துண்டில் சுற்றி என் பல்சக்கரம். கூடவே வெள்ளை வெளேரென்று ஆட்டுக்குட்டித் தோல் துண்டு ஒன்று. அதில் பாதிக்கு டீத்தண்ணி நிறம், அதன்மேல் வரிசையாகப் புள்ளி. கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தால் உடும்புச் செதில்தான்.

எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். "என்னங்க இது?"

எடுத்துப் பார்த்தார். அப்புறம் கிரைண்டர் பக்கம் திரும்பி உட்கார்ந்து, அதனிடம் சொல்ல ஆரம்பித்தார். நான் குறுக்கே பேசவில்லை. அவங்க ரெண்டு பேருக்குள்ள விஷயம்.

பொன்விழாக் கச்சேரிக்கு முன்னால் பழைய தோல் கிழிந்துவிட்டதாம். ஒரு ஆள் சாக்கில் போட்டு உயிரோடு ஒரு உடும்பைக் கொண்டுவந்தானாம். நான் அப்போது அம்மா வீட்டில். சாக்கை அவிழ்த்ததும் அது ஓடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டது. அந்த ஆள் வாலைப் பிடித்து இழுத்தான். இவரும் இழுத்தார். விடவில்லை.

"விரல்ல ரத்தம் வந்துது. எனக்கில்ல, அதுக்கு. அப்பவும் கம்பியை விடலை. நான் கையை எடுத்துட்டேன். உடும்புப் பிடின்னு இத்தனை வருஷம் பேர் வாங்கினது நான், பிடிச்சது அது" என்று கிரைண்டரிடம் சொன்னார்.

அந்த ஆளை அனுப்பிவிட்டு, உடும்பை அதே சாக்கில் கொண்டுபோய்க் கொள்ளிடக்கரைப் புதரில் விட்டுவிட்டு வந்தாராம். கச்சேரிக்கு நாள் இல்லை. ஆட்டுக்குட்டித் தோலை எடுத்து, மெலிசாகச் சுரண்டி, டீத்தண்ணியில் போட்டு, என் சக்கரத்தை உருட்டியிருக்கிறார். அன்றைக்குத்தான் சாரநாதன் ஐயா மேடையில் கண் கலங்கி ‘உடும்பு நாதமணி’ என்று பட்டம் கொடுத்து வெள்ளித் தட்டு கொடுத்தார். ஆட்டுக்கு. அன்றிலிருந்து இன்றுவரை ஆடுதான்.

நான் சிரித்தேன். சிரித்துச் சிரித்து மூக்கு அடைத்துக்கொண்டது. அப்புறம், "அப்ப கேஸே இல்லைங்க! ஒரு வார்த்தை சொன்னாப் போதுமே!" என்றேன்.

அவர் எழுந்தார். கிரைண்டரை விட்டுவிட்டு நேராக என்னைப் பார்த்தார். "வெளிய சொன்னே, நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்."

மார்கழி 12, வெள்ளி

பாத்திரம் தேய்த்துக்கொண்டே சுவரைப் பார்த்துச் சொன்னேன்: "மூணு வருஷம் களி தின்னுவாராம், ஆனா ஆடுன்னு சொல்ல மாட்டாராம்."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது: "உடும்புங்கிறது தோல் இல்ல. என் பேரு. நாளைக்கே ஆடு மாசிலாமணின்னு போஸ்டர் அடிப்பானுங்க. ஏமாத்தினவன்னு சொல்லுவானுங்க. ஜெயிலுக்குப் போனா வித்வான் போனான்னாவது சொல்லுவாங்க."

"உள்ள போறது நீங்க. போஸ்டரைப் பார்த்துக்கிட்டு வெளியில இருக்கிறது நான்" என்றேன்.

தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தேன்.

மார்கழி 15, திங்கள்

யாரிடமும் சொல்லாமல் ரேஞ்சர் ஆபீசுக்குப் போனேன். கையில் ஒரு தூக்கு மாவு. மெர்லின் பொண்ணு வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். "அக்கா, கேஸ்ல இருக்கிறவங்ககிட்ட ஒண்ணும் வாங்கக் கூடாது."

"சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். அது ஆடா இருந்தா?"

"ஆடா இருந்தா எனக்கென்னக்கா வேலை? ஆனா அவரும் உடும்புன்னார், நீங்களும் உடும்புன்னு கையெழுத்துப் போட்டீங்க. லேபுக்கு அனுப்பியிருக்கேன், ரிப்போர்ட் எப்ப வரும்னு தெரியாது. அதுக்குள்ள அவரே எழுத்துல ஒத்துக்கிட்டா நான் பிடிச்சு அனுப்பித்தான் ஆகணும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்கும் சங்கீதம் பிடிக்கும். ஆனா ஒரு கஞ்சிராவுக்கு ஒரு உடும்பு சாகுது. தோல் கிழிஞ்சா இன்னொண்ணு. யாரோ ஒருத்தர் போதும்னு நிறுத்தணும்ல?" என்றாள்.

ஒருத்தர் எப்பவோ நிறுத்தியாச்சு என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். அது அவர் வாயிலிருந்துதான் வரணும். என்னைப் பற்றித் தெரிந்த யாரும் நான் விழுங்கினேன் என்பதை நம்ப மாட்டார்கள். அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

மார்கழி 17, புதன்

தெருவில் நோட்டீஸ். ‘சிறைக்கு அஞ்சாத உடும்பு’ என்று போட்டிருக்கு. இவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மத்தியானம் முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை. சாம்பார் நன்றாகத்தான் இருந்தது.

மார்கழி 21, ஞாயிறு

நாளைக்கு வாக்குமூலம். இன்றைக்குக் கூட்டம்.

சபா ஹால் நிறைந்துவிட்டது. மேடையில் நடுவில் இவர், வெறுங்கையோடு. முன்னால் காலிப் பை. நான் பெண்கள் பக்கம் மூணாவது வரிசை. இவர் முகம் நன்றாகத் தெரிந்தது. போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி இருந்தார். முழங்காலில் விரல் மட்டும் தாளம் போடாமல் வேட்டிக்கரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

நாலு பேர் பேசினார்கள். சட்டம் ஒழிக, ஆபீசர் ஒழிக என்றார்கள். அந்தப் பொண்ணு என்ன பாவம் செய்தது? கடைசியில் சாரநாதன் ஐயா. "நாளைக்கு நம்ம வித்வான் ரேஞ்சர் முன்னால நெஞ்சை நிமிர்த்தி ‘ஆமாம், உடும்பு’ன்னு எழுதிக் கொடுப்பார்!" என்றார். கைதட்டல். "அப்படி என்ன இருக்கு உடும்புல? கேளுங்க!" என்று போன வருஷம் இதே ஹாலில் பதிவு செய்த தனி ஆவர்த்தனத்தைப் பெரிய ஸ்பீக்கரில் போட்டார்.

கஞ்சிரா பேசியது. குளத்தில் கல் விழுகிற மாதிரி ஒரு சத்தம், அதைத் துரத்திக்கொண்டு சிரிக்கிற மாதிரி இன்னொன்று. முன்வரிசை முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டியது. எனக்குமே உடம்பு சிலிர்த்தது. அடுப்படியில் நின்று எத்தனை தடவை கேட்டிருக்கிறேன், அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் தலைக்கனம் ஏறும்.

ஐயா சத்தத்தைக் குறைத்துவிட்டு மைக்கில் கேட்டார்: "இந்தக் கும்முனு அதிர்ற கும்காரம் ஆட்டுத்தோல்ல வருமா? சொல்லுங்க, வருமா?"

முன்வரிசை இல்லை என்று தலையை ஆட்டியது.

"மே... ஏ... ஏ" என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், யோசித்துச் செய்யவில்லை. யோசித்திருந்தால் இன்னும் சத்தமாகக் கத்தியிருப்பேன். பக்கத்து அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். பின்னால் ரெண்டு பேர் சிரித்தார்கள், அப்புறம் பத்துப் பேர். ஐயா முகம் கறுத்தது. "தையல், இது விளையாடற இடமா? மாசிலாமணி, கொஞ்சம் அடக்கி வையுங்க!"

இவர் என்னைப் பார்த்தார். வெளியே சொன்னால் வீட்டில் இருக்க மாட்டேன் என்றாரே. நான் சொல்லவில்லை, கத்தினேன். அந்த வித்தியாசம் அவருக்குப் புரிய வேண்டுமே என்று பிள்ளையாரை வேண்டிக்கொண்டேன். முதலில் உதடு இறுகியது. அப்புறம் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரிக்கிறார்!

எழுந்து போய் மைக்கை வாங்கினார்.

"அவ கத்தினது சரிதான். நீங்க இப்பக் கேட்டது ஆடு."

யாருக்கும் புரியவில்லை.

"பொன்விழாவுலேர்ந்து நான் வாசிக்கிறது ஆட்டுத்தோல். ஒருத்தன் உடும்பைக் கொண்டுவந்தான், உரிக்க மனசு வரலை. ஆனா உடும்புங்கிற பேரை விடவும் மனசு வரலை. உங்ககிட்டப் பொய் சொன்னேன். தப்புதான்."

"மாசிலாமணி, என் காது பொய் சொல்லாது" என்றார் சாரநாதன் ஐயா.

"உங்க காது பொய் சொல்லலை ஐயா. நல்லா இருக்குன்னுச்சு, நல்லாத்தான் இருந்துது. அது உடும்புன்னு சொன்னது நான். சட்டம் ஒழியணும்னு இத்தனை பேர் பேசினீங்க. சட்டம் போனா இன்னொரு சாக்குல இன்னொரு உடும்புதான் வரும். எனக்கு வேண்டாம். நாளைக்கு ரேஞ்சர்கிட்டயும் இதைத்தான் எழுதிக் கொடுப்பேன். பட்டத்தை வேணும்னா திருப்பி எடுத்துக்கங்க. தட்டு மட்டும் கேக்காதீங்க, தையல் அதுலதான் வெத்திலை வைப்பா."

சபையில் என் பேரைச் சொன்னார்! முன்வரிசையில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். மீதிப் பேர் போவதா இருப்பதா என்று தெரியாமல் இருந்தார்கள். பின்வரிசை மட்டும் கை தட்டியது. எனக்குப் பின்வரிசை போதும்.

நடந்தே வீட்டுக்கு வந்தோம். இவர் முன்னால், நான் பின்னால். பாதி வழியில் நின்றார். நான் பக்கத்தில் வரும்வரைக்கும் நின்றுகொண்டே இருந்தார்.

மார்கழி 22, திங்கள்

எழுதிக் கொடுத்தாச்சு. நானும் என் வாக்குமூலத்தை மாற்றிக் கொடுத்தேன். உடும்போடது என்று ஏன் சொன்னேன் என்று விளக்கியதும் அந்தக் கார்டு குனிந்துகொண்டார், தோள் மட்டும் ஆடியது. லேப் ரிப்போர்ட் வரும்வரை கஞ்சிரா அங்கேயே இருக்கணுமாம். வரட்டும். நமக்கென்ன பயம், ஆட்டை எந்த லேபில் பார்த்தாலும் ஆடுதான்.

மார்கழி 25, வியாழன்

தை மாதம் இருந்த ரெண்டு கச்சேரியும் போச்சு. சபா நோட்டீசில் இவர் பேரை அடித்துவிட்டு வேறு ஆளைப் போட்டிருக்கிறார்கள். சாரநாதன் ஐயா வீட்டு வேலைக்காரம்மா மாவு வாங்க வரவில்லை. எதிர்வீடு தோசை சாப்பிடாமல் எத்தனை நாள் இருக்கும், பார்க்கிறேன்.

இவர் ஒரு ஆட்டுத்தோல் வாங்கி வந்து புது வளையத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறார். டீத்தண்ணி இல்லை, புள்ளி இல்லை. பச்சைக் குழந்தை மாதிரி வெள்ளையாக இருக்கு. "நல்லாவே இல்லை" என்றேன். "உன்னை யாரு பார்க்கச் சொன்னா, கேளு" என்று ரெண்டு தட்டு தட்டினார். அரிசி களைகிற கை அப்படியே நின்றது. "சுமார்" என்றேன்.

மார்கழி 29, திங்கள், போகி

காலையில் கோலம் போட வெளியே வந்தால் கடைச் சுவரில் யாரோ கரியால் எழுதிவைத்திருக்கிறார்கள். ‘ஆடு மாசிலாமணி வீடு.’ பக்கத்தில் ரெண்டு கொம்பும் தாடியும்.

ஈரத்துணி எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் பின்னாலேயே வந்தார். நான் மறைத்து நின்றேன். தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படித்துவிட்டார். இத்தனை நாள் எந்தப் பேருக்குப் பயந்தாரோ, அதே பேர்.

"துணியைக் கீழ போடு தையலு" என்றார். உள்ளே போய், நாத்தனார் மகள் கல்யாணத்துக்குக் கதவில் அடித்து மிஞ்சிப்போன நீலப் பெயிண்ட்டும் பிரஷ்ஷும் எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். "எழுத்து கோணலா இருக்கு. நீ நேரா எழுது."

"நானா? உங்க பேரையா?"

"வாயாலதானே சொல்லக் கூடாது?"

தெருவே போகி நெருப்பை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தது. சாரநாதன் ஐயா ஜன்னலில் நின்றார். ஸ்டூல் மேல் ஏறி, எட்டின உயரத்துக்கு, ஒவ்வொரு எழுத்தும் இட்லித் தட்டு அளவுக்கு எழுதினேன்:

ஆட்டுத்தோல் கஞ்சிரா மாசிலாமணி வீடு. கேட்டுப் பார்த்துட்டுப் பேசவும். இட்லி மாவும் கிடைக்கும்.